நம்பர் கிடைக்காத வண்டி

என் கணவர் எனக்காக ஒரு வண்டி கட்டினார். அவர் அதைக் கார் என்றுதான் சொல்வார். பார்ப்பவர்களுக்கு ஆட்டோவின் தம்பி மாதிரி இருக்கும். நான்கு சக்கரம், பேட்டரியில் ஓடும். பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சரிவுப் பலகையாகிவிடும். நான் என் சக்கர நாற்காலியோடு அதில் ஏறி, நேராக முன்னால் போய், நாற்காலியை விட்டு இறங்காமலே ஓட்டலாம். பிரேக் உட்பட எல்லாமே கையில். யாரும் என்னைத் தூக்கி உட்கார வைக்க வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். யாரும் என்னைத் தூக்கக் கூடாது என்பது என் ஆசையும்தான்.

அதற்கு முன்பு நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் வரும் ஆர்டர்களை வாங்கி, புடவையை வீடியோவில் காட்டி, பார்சல் போகும்வரை கவனிக்கிற வேலை. ஒரு மழை நாள் சாயங்காலம் அவர் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மந்தைவெளிப் பக்கம் ஒரு திருப்பத்தில், யாரோ வீடு கட்டுவதற்காகக் கொட்டி வைத்திருந்த மணல் மழையில் கரைந்து தெரு முழுக்கப் பரவிக் கிடந்தது. வண்டி சறுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு முதுகெலும்பு.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர், "மெதுவாத்தான் போனேன், சத்தியமா மெதுவாத்தான் போனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் திருப்பம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தோம்.

கடையில் என் இடத்தை வைத்திருந்தார்கள். போக வரத்தான் வழியில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருமுனையில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் நாற்காலியைப் பார்த்ததும், "இத எங்கம்மா வெக்கிறது?" என்பார்கள். மடக்கிக் கட்டி, என்னைத் தூக்கி வைத்து, அங்கே போய் மறுபடி இறக்கி... முதல் வாரத்திலேயே எனக்கு வெறுத்துவிட்டது. மெட்ரோ வேலைக்காக ரோட்டை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்த நேரம் வேறு. இன்றைக்குப் போன வழி நாளைக்கு இருக்காது.

அப்போதுதான் அவர் ஒரு வண்டி கிட்டைப் பற்றிச் சொன்னார். மோட்டார், அச்சு, சக்கரம், ஃபைபர் உடம்பு எல்லாம் தனித்தனியாகப் பெட்டியில் கோயம்புத்தூரிலிருந்து வரும். நாம் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவர் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். பட்டறை முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங் செட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர் கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார்.

"ரெஜிஸ்ட்ரேஷன்?" என்று நான் கேட்டேன்.

"ஸ்லோவா போற வண்டிக்கு அதெல்லாம் தேவையில்லையாம். விக்கிறவரே சொன்னாரு."

அதைக் கட்டிய நாட்களில் இருந்த மாதிரி அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் அதைப் பற்றியே பேசுவார். என் நாற்காலியின் அகலத்தை அளந்துகொண்டே இருப்பார். நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த இரண்டு இரும்புக் கொக்கிகள் செய்து, அவற்றை வழவழவென்று தேய்த்து எனக்குக் காட்டினார். நான் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் சந்து முட்டுச் சந்து. அதில் நான் ஓட்டிப் பழகினேன். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் திரும்பும்போது நாற்காலி கொக்கிக்குள் லேசாக நகர்ந்தது. ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கும். எனக்குக் கால் ஊன்ற முடியாது. ஊன்றிப் பழகிய உடம்பு ஊன்றப் பார்த்தது, முடியவில்லை. அவர் சந்தின் அந்தக் கோடியில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

விற்றவர் சொன்னது பொய் என்று பிறகு தெரிந்தது. அந்த மோட்டாருக்கு நம்பர் இல்லாமல் ரோட்டில் இறங்கக் கூடாது. சரி, நம்பர் வாங்கிவிடலாம் என்று ஆர்டிஓ ஆபீசுக்குப் போனோம். சாய்தளம் பின்பக்கம் இருந்தது, அதன் குறுக்கே பைக் நிறுத்தியிருந்தார்கள். ஒருவழியாக உள்ளே போனால், கவுண்டரில் இருந்தவர் பேப்பரைப் புரட்டிவிட்டு, "எந்தக் கம்பெனி வண்டி?" என்றார்.

"நான் செஞ்சது சார்."

"அதான், எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல சார். நான் செஞ்சேன். வீட்ல."

அவர் என் கணவரை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துக் கவுண்டர்காரரும் பார்த்தார். கம்பெனி விற்ற சர்டிபிகேட் வேண்டும், வண்டியைச் சோதித்துப் பார்த்த சர்டிபிகேட் வேண்டும், இரண்டும் இல்லாமல் இந்த மனுவை வாங்கவே முடியாது என்றார். இவ்வளவையும் என் தலைக்கு மேலே பேசினார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எனக்கு இது பழகிப்போன விஷயம். வண்டி யாருக்கு என்று கேட்டவர்கூட அவரிடம்தான் கேட்டார்.

வெளியே டீக்கடையில் ஒரு புரோக்கர் எங்களைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நைனா, நேர் வழியில போனா இது ஆவாது. நம்ம கைல ஒரு பழைய ஆட்டோ கீது. வண்டி அட்டு, ஆர்சி பக்கா. அந்த நம்பர இதுல குத்திக்கினு போய்க்கினே இரு. எவன் பாக்கப் போறான்?"

என் கணவர் டீ கிளாஸை வைத்தார். "எம் பொண்டாட்டிய திருட்டு நம்பர்ல அனுப்பச் சொல்றியா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எவன்யா பதில் சொல்லுவான்?"

"அப்ப சுத்திக்கினே இரு" என்றார் புரோக்கர், கோபமில்லாமல்.

அன்றைக்கு என் கணவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் சுற்றவும் செய்தார். பெரிய அதிகாரிக்கு மனு எழுதினார். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை என்று எங்கெங்கோ விசாரித்தார். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு காலையில் போய் நிற்பார். கடைசியில் அந்த அதிகாரி, வண்டியைக் கொண்டுவாருங்கள், ஆய்வாளர் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கட்டும், அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். அதையே நம்பர் கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாதே. ஒரு குட்டியானை மினி லாரியை வாடகைக்குப் பிடித்து, அதில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனோம். வண்டியின் முன்பக்கம் அவர் சந்தனம் வைத்திருந்தார்.

ஆய்வு செய்ய வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். காக்கிச் சட்டை, எங்களைவிடச் சின்ன வயது. வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், வெல்டிங்கை விரலால் தடவினார். "நீட்டா பண்ணியிருக்கீங்க சார்" என்றார். என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சேசிஸ் நம்பர் எங்க?"

அவர் ஆசையாக முன்சட்டத்தைக் காட்டினார். பட்டறையிலிருந்து பஞ்ச் கொண்டுவந்து அவரே அடித்த நம்பர்.

"இது யார் கொடுத்த நம்பர்?"

"நானே அடிச்சேன் மேடம். நம்பர் இருக்கணும்னு சொன்னாங்களே."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "நாமளே அடிச்சுக்கிட்டா அது நம்பர் ஆகாது சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

நான் ஏறினேன். என் கணவர் கொக்கி மாட்டினார். காம்பவுண்டுக்குள் நேராகப் போய், லைசென்சுக்கு எட்டுப் போட்டுக் காட்டும் இடத்தில் திருப்பினேன். நாற்காலி நகர்ந்தது. என்னையறியாமல் ஒரு கை ஹேண்டிலை விட்டுவிட்டுப் பக்கக் கம்பியைப் பிடித்தது. பிறகு சமாளித்துக்கொண்டு திரும்பி வந்து நிறுத்தினேன்.

அவர் என் கணவரிடம் போகவில்லை. நேராக என் பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. தினம் இதுல தி.நகர் போவீங்களா? பஸ், தண்ணி லாரி நடுவுல?"

அவர் தோளுக்குப் பின்னால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். போவாள், போவாள் என்று அவர் தலை ஆடிக்கொண்டிருந்தது. நானும் தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் இந்த ஆபீசில் முதல் முறையாக ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார். எனக்குப் பொய் வரவில்லை.

"பயமா இருக்கு மேடம். திரும்பும்போது நாற்காலி நகருது."

"எங்க நகருது?" என்று என் கணவர் ஓடிவந்தார். "எங்க? எங்க நகருது?" மண்டி போட்டு உட்கார்ந்து நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். நான் அதில் உட்கார்ந்திருந்தேன். என் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"சார், விடுங்க. சார்! அவங்க உட்கார்ந்திருக்காங்க."

அவர் கையை எடுத்தார்.

அந்தப் பெண் நிதானமாகவே எடுத்துச் சொன்னார். ஒரே ஒரு வண்டி என்றாலும் அதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை மோதவிட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் கட்டும் ஒருவரால் ஆகிற காரியமில்லை. கம்பெனி ஸ்கூட்டரில் பக்கச் சக்கரம் மாட்டினால் அதற்கு முறைப்படி அனுமதி உண்டு, அதை யோசியுங்கள். கடைசியில், "இவங்க சொன்னதால நான் ரிஜெக்ட் பண்ணல சார். இவங்க ஒண்ணும் சொல்லலன்னாலும் என்னால எழுதிக் கொடுக்க முடியாது" என்றார். என் கணவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

வரும்போது என்னை டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அவர் பின்னால் வண்டியோடு நின்றுகொண்டு வந்தார்.

வீட்டில் அன்று சமையல் இல்லை. அவர் இட்லி வாங்கி வந்து, பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அவங்க முன்னாடிதான் சொல்லணுமா? இங்கயே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேன்ல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க."

"எங்கூட வர்றதுக்குத்தான் பயம்னு நெனச்சேன். நான் செஞ்ச வண்டியிலயும் பயமா?" பிறகு, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு நான் மெதுவாத்தான் போனேன்."

"தெரியும். நான் பின்னாலதான உட்கார்ந்திருந்தேன்."

"அப்புறம் இன்னா பயம் உனக்கு?"

உங்கள்மேல் பயம் இல்லை, ரோட்டின்மேல் பயம் என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னபோது அது ஒரு சால்ஜாப்பு மாதிரிதான் எனக்கே கேட்டது. அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். மருந்து போட்டியா, தண்ணி வேணுமா. அன்பில் குறை வைக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். நாற்காலி நகரும் இடத்தைச் சரி செய்யக்கூட அவர் அதைத் திறக்கவில்லை.

பக்கச் சக்கர ஸ்கூட்டருக்கு ஏற்பாடு செய்தது நான்தான். எழுதிக் கொடுப்பதையும் கேட்டு வாங்குவதையும் ஃபோனிலேயே செய்தேன். அதில் நாற்காலி ஏறாது. வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று இரண்டு நாற்காலி. கடையில் இரண்டு பெண்கள் வந்து என்னை இறக்குவார்கள். தூக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிக்கொண்டேன். லைசென்ஸ் பரீட்சைக்கு அவர் கூட வந்தார், காம்பவுண்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில், அவர் தன் ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வருவார். பக்கத்தில் வரமாட்டார். கண்ணாடியில் பார்த்தால் நாலைந்து வண்டி தள்ளி அந்த ஹெல்மெட் தெரியும். பாண்டிபஜார் முனையில் திரும்பிக் கிண்டிக்குப் போய்விடுவார். ஷிஃப்ட் மாறியதும் அது நின்றது.

வீட்டுச் சொந்தக்காரர் இடத்தைத் திரும்பக் கேட்ட பிறகு, வண்டியை அடையாறில் செடி விற்கும் ஒருவருக்குக் கொடுத்தோம். தோட்டத்துக் காம்பவுண்டுக்குள்ளேயே ஓட்டிக்கொள்ள நம்பர் எதுவும் தேவையில்லை. போன மாதம் பிரேக் சரியில்லை என்று என் கணவரைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ஓடுது. பின்கதவக் கழட்டிட்டாங்க. தொட்டி வெக்க எடம் பத்தலயாம்."

கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாமா, என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருகிறீர்களா என்று கேட்டேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். நான் தனியாகப் போய்விட்டு வந்தேன்.