தாவூஸ் தொடாத தட்டு

தாவூஸுக்கு வாய் ஓயாது. நிஷாப்பூரில் பெண்கள் குளியல் கூடத்தில் முதுகு தேய்க்கிற வேலை. இரண்டு புருஷன்மாரைப் புதைத்தவள். முதலாமவன் குயவன், நல்லவன். இரண்டாமவனைப் பற்றிக் கேட்டால், "அவனையும் புதைச்சாச்சு" என்பாள், அவ்வளவுதான். முரட்டுக் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு முதுகில் கை வைத்தாளானால் கதையும் கூடவே கிளம்பிவிடும். ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும். அதைக் கேட்கவே அழுக்கில்லாத முதுகுகளும் வந்து வரிசையில் உட்கார்ந்தன.

குளிக்க வருகிறவர்கள் ரொட்டி, பாலாடைக்கட்டி, மாதுளை என்று தட்டுத் தட்டாகக் கொண்டு வருவார்கள். தாவூஸ் ஒரு துணுக்கும் தொடமாட்டாள். கதை முடிகிற அன்றைக்குத்தான் தொடுவாள். ஒருவர் உப்பைத் தின்றுவிட்டால் அவருக்கு எதிராகக் கையும் நீளக்கூடாது, நாக்கும் நீளக்கூடாது. உப்பை வைத்தவரும் தின்றவர் மேல் கை ஓங்கக்கூடாது. எங்கள் ஊரில் திருடனுக்குக்கூட இது தெரியும். கேட்கிறவளின் உப்பைத் தின்றால் கதை அவள் இழுத்த பக்கம் போய்விடும் என்று தாவூஸுக்குப் பயம். பணக்கார வீட்டுக் கதைசொல்லிகளை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

அந்த வருஷம் அவள் சொன்னது ஷாதான் என்கிற பெண்ணின் கதை. ஷாதான் மழைக்கு ஒதுங்கிய ஒரு வழிப்போக்கனை வீட்டுக்குள் விட்டு, ரொட்டியும் உப்பும் வைத்துவிடுகிறாள். அவன் தின்று முடித்த பிறகுதான் அவன் இடுப்பில் இருக்கும் கத்தியைப் பார்க்கிறாள். அவளுடைய செத்துப்போன அண்ணனின் கத்தி. கொன்றவன் இவன்தான். அந்த இடத்தில் தாவூஸ் கையுறையைக் கழற்றிவிட்டு, "மீதி அடுத்த செவ்வாய்" என்றாள். கூடமே அவளைத் திட்டியது.

திட்டாதவள் ஒருத்திதான், கொத்தவாலின் மனைவி குத்லுக் காத்தூன். ஊர்க்காவல் முழுக்க அவள் புருஷன் கையில். அவளுடைய தம்பியை மெர்வ் ஊருக்குப் போகிற பாதையில் எவனோ குத்திக் கொன்று மூன்று வருஷமாகிறது. கொன்றவன் இன்னும் அகப்படவில்லை. அன்றைக்கு அவள் தலையைக்கூடத் துவட்டாமல் எழுந்து போனாள்.

அடுத்த செவ்வாய் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெள்ளித் தட்டு, சூடு ஆறாத ரொட்டி.

"சாப்பிடு தாவூஸ்."

"கதை முடியட்டும்மா."

"இப்பவே சாப்பிடு. சாப்பிட்டுட்டு, ஷாதான் அவன் கழுத்தை அறுத்தாள்னு சொல்லு."

தாவூஸ் தட்டைப் பார்த்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் வயிற்றில் ஒன்றுமில்லை.

"அவ அறுக்கலை," என்றாள்.

"உன் வாய்தானே, மாத்திச் சொல்லு."

"வாய் என்னுது. உப்பு அவ வெச்சது."

"நாளைக்கு இந்தக் கூடத்துல நீ இருக்க மாட்டே. ஊருக்குள்ள எந்தக் கூடத்துலயும் இருக்க மாட்டே. தெரியுமில்லே?"

"தெரியும்மா. இன்னிக்கு இருக்கேனே. இன்னிக்குச் சொல்லி முடிச்சுடறேன்."

தாவூஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். ஷாதான் அண்ணன் பேரைச் சொல்லி அழுதாள். அடுப்படியில் புரண்டு அழுதாள். விடிந்ததும் அந்தக் கொலைகாரனுக்கு வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். "என் வாசலைத் தாண்டிப் போ. இனி ஒரு தடவை உன்னைப் பார்த்தால், முதலில் உப்பை வைக்க மாட்டேன், கத்தியை வைப்பேன்" என்றாள். கதை அவ்வளவுதான்.

"வெளியே போடி," என்றாள் காத்தூன்.

தாவூஸ் கையுறையைச் சுருட்டினாள், கிண்ணத்தை எடுத்தாள். அப்போது சாயக்காரர் வீட்டு ஃபர்ஸானா மூலையிலிருந்து பேசினாள். "காத்தூன், போன மாசம் ஆவியில மயங்கி விழுந்தீங்களே, அன்னிக்கு உங்க வாயில உப்பு வெள்ளரிக்காய் வெச்சது யாரு? இந்த அக்கா தன் மத்தியானச் சாப்பாட்டைத்தானே கொடுத்தா? அந்த உப்பு எங்கே போச்சு?"

காத்தூனின் முகம் வெளுத்துவிட்டது.

"நீ சும்மா இரு ஃபர்ஸானா," என்று தாவூஸ் எரிந்து விழுந்தாள். "விழுந்து கிடந்தவளுக்குக் கொடுத்தது அது. அதைக் காட்டி நான் வேலை கேக்கணுமா? எனக்கு அப்படியொண்ணும் கேடு வந்துடலை." வாசலைப் பார்த்து நடந்தாள்.

"நில்லு," என்றாள் காத்தூன். "அவ... அவனை மன்னிச்சாளா?"

தாவூஸ் திரும்பினாள். "மன்னிக்கலைம்மா. சாகற வரைக்கும் மன்னிக்கலை. விட்டா, அவ்வளவுதான்."

காத்தூன் ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, கொத்தவால் பெண்டாட்டி என்பதையெல்லாம் மறந்து, வாய்விட்டு அழுதாள். யாரும் சமாதானம் சொல்லப் போகவில்லை. அழுது முடித்ததும், தட்டைப் பார்க்காமலே தாவூஸ் பக்கம் நகர்த்தினாள்.

தாவூஸ் தரையில் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்தாள்.

"இனிமே உங்களுக்கு எதிரா ஒரு வார்த்தை பேச மாட்டேன்மா," என்றாள் வாய் நிறைய மென்றபடி. "பேச வேண்டியதைப் பேசிட்டேன்."