கடைசிப் படகு ஐந்து நாற்பது

“ஆல்ப்ஸ் ஏரிப் பகுதிகளுக்கான மூத்த பயண வல்லுநர். நடந்தும், மிதிவண்டியிலும், படகிலும் அந்த ஏரிகளைச் சுற்றி அறிந்தவர். மலையேற்றத்தில் தனி ஆர்வம் உண்டு.” சென்னையில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்தின் இணையதளத்தில் அல்மாஸ் பேகத்தைப் பற்றி இப்படிப் போட்டிருக்கிறது.

அல்மாஸ் பேகத்துக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது. பிச்சாவரத்தில் ஒரே ஒரு முறை படகில் ஏறியிருக்கிறார். துறையை விட்டு இருபது அடி போவதற்குள் வாந்தி எடுத்து, இறக்கிவிடச் சொல்லிவிட்டார். ஏறிய மலை என்று எதுவும் இல்லை. சிதம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தையே முட்டிவலியோடு இரண்டு முறை நின்றுதான் ஏறுவார். பாஸ்போர்ட் உண்டு. கணவர் ரஃபியுதீன் குவைத்தில் வேலையாக இருந்த காலத்தில் எடுத்தது. அதற்குள் ஒரு முத்திரைகூட விழவில்லை.

காலை பத்து மணிக்கு அரிசியை ஊறப்போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போனால், பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் திரும்புவார். போவது முன்னறையில் இருக்கும் கணினி மேசைவரை. தெருவையும் மலைப்பாதையையும் படமாகவே காட்டும் வரைபடத்தில் அம்புக்குறியைத் தட்டித் தட்டி, பத்தடி பத்தடியாக ஏழு வருடம் நடந்திருக்கிறார். எந்த வளைவில் பெஞ்சு இருக்கிறது, எந்த ரொட்டிக்கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எந்த இறக்கத்தில் வாடகை சைக்கிளின் பிரேக்கை நம்பக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற நம் ஊர்த் தம்பதிகள். அவர்களிடம் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார். கீழவீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவோ அவ்வளவு என்பார். கூரை நிழலை வைத்தே தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கழிப்பறையைக் கண்டுபிடித்த பெருமையும் உண்டு. “அறுவது வயசுக்கு மேல பாத்ரூம் எங்கன்னு தெரியாம ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது மேடம். வியூ பாயிண்ட்லாம் அப்பறம்.”

நாத்தனார் நஜியாவுக்கு இந்தத் தொழிலே வேடிக்கை. “ஏன் மச்சி, ஏரியப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போறாங்க? நம்ம வீராணம் என்னா பாவம் பண்ணுச்சு?”

“வீராணத்துல பெஞ்சு இல்லடி.”

பிறர் நேரத்தில் அல்மாஸ் மிகவும் கறார். ரயில் மாற நான்கு நிமிடம்தான் இருக்கிறது, பெட்டியை இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அறுபத்தெட்டு வயதுக்காரரை அதட்டுவார். தன் நேரத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. மாதம் இரண்டு முறை காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் தாய்வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிறார். ஒரு முறையாவது பஸ் வருமுன் போய் நின்றிருப்பாரா என்பது சந்தேகம். தேவைப்பட்டதும் இல்லை. அந்தத் தடத்தில் நிறுத்தம் என்று பலகையில் எழுதியிருக்கும் இடமும் பஸ் நிற்கும் இடமும் வேறு. கையைக் காட்டினால் நிற்கும். கிளம்பிவிட்ட பஸ்கூட முப்பதடி தள்ளி நிற்கும். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, “ஓடாதக்கா, மெதுவா வா” என்பார்.

ஏரிப் பயணத் திட்டத்தில் நான்காம் நாளுக்குக் கீழே அவர் இப்படி எழுதியிருந்தார்: “கடைசிப் படகு மாலை 5.40. ஓரிரு நிமிடம் பிந்தினாலும் பதற்றம் வேண்டாம். துறையில் நின்று கையைக் காட்டுங்கள். திரும்பி வந்து ஏற்றிக்கொள்வார்கள்.”

முதல் வரி படகு நிறுவனத்தின் அட்டவணையில் இருந்தது. மற்றவை எந்த அட்டவணையிலும் இல்லை. அவை எங்கிருந்து வந்தன என்று பிற்பாடு யோசித்தபோது அல்மாஸுக்கே விளங்கவில்லை. கரையில் ஆள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் படகை ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை, அவ்வளவுதான். நான்கு வருடம் அந்த வரிகள் யாருக்கும் கெடுதல் செய்யாமல் கிடந்தன. யாரும் பிந்தவில்லை.

போன அக்டோபர் கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சுப்புராயனும் அவர் மனைவி ஸ்ரீமதியும் போனார்கள். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர், வயது எழுபத்தொன்று. நான்காம் நாள் மாலை, படகு கிளம்பி மூன்று நிமிடம் கழித்துத் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். படகு கண்ணுக்குத் தெரிந்தது. இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். படகு சின்னதாகி, விளக்காகி, விளக்கும் போன பிறகும் சுப்புராயன் நகரவில்லை. பின்னால் ஐந்து நிமிட நடையில் ஊர் இருந்தது. அங்கே ஒரு விடுதியும் இருந்தது. அரை மணி நேரம் நின்றார். அதற்குள் விடுதியையும் பூட்டிவிட்டார்கள். சீசனின் கடைசி வாரம். ஏரிக்கரைப் பாதையில், தாங்கள் தங்கியிருந்த ஊரை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். பனியும் மழையும் கலந்து ஊசியாக இறங்கியது. இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்த சுப்புராயன் பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த பெஞ்சு அங்கே இருக்கிறது என்று சொல்லி அனுப்பியதும் அல்மாஸ்தான்.

ஸ்ரீமதி ஊர் திரும்பிய பிறகு தினமும் பதினொரு மணிக்கு அல்மாஸைக் கூப்பிட ஆரம்பித்தார். புகார் சொல்ல அல்ல. அந்தப் பாதை தெரிந்த ஆள் அவருக்கு வேறு யாரும் இல்லை.

“கீ செயின் விக்கிற கடையில நின்னுட்டேம்மா. அங்கேருந்து துறைக்கு எவ்ளோ நேரம் ஆகும்?”

“எங்க கணக்குக்கு ஏழு நிமிஷம் மேடம்.”

“நான் கடையில நின்னது நாலு நிமிஷம் இருக்கும். அதான். எம்மேல கோவம் அவருக்கு. வாங்க ஊருக்குள்ள போயிடலாம்னா, இரு வருவான், இரு வருவான்னு அதையே சொல்லிட்டு நிக்கிறாரு. போன படகு எப்படிம்மா வரும்? என்னத் தண்டிக்கத்தான் நின்னாரு.”

பயணத் திட்டம் சுப்புராயனின் போனில் இருந்தது. அதன் பூட்டு எண் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது; ஸ்ரீமதி திட்டத்தைப் படித்ததே இல்லை. சென்னையில் இருக்கும் மகன், அம்மா கடைகடையாக ஏறி இறங்கியதால்தான் அப்பா போனார் என்று உறவுக்காரர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு போன் செய்வதை நிறுத்திவிட்டான். ஸ்ரீமதி அதில் தப்பு காணவில்லை. அவன் சொல்வது சரிதானே என்று அல்மாஸிடமே கேட்டார். அல்மாஸ் அன்றும் தூரத்தைத்தான் சொன்னார்.

நிறுவனத்தின் மேலாளர் அறிவழகன் கெட்டவர் அல்ல. நோன்புப் பெருநாளுக்குத் தவறாமல் வாழ்த்துச் சொல்பவர். அவர் போனில் பேசியது இரண்டு நிமிடம்கூட இராது.

“அக்கா, அந்த வரிய எடுத்துட்டேன். கஸ்டமர் டைம ஃபாலோ பண்ணல, அவ்ளோதான் ரிப்போர்ட். நீங்க கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்க.”

அல்மாஸ் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். குவைத்தில் வேலை போய் ரஃபியுதீன் வீடு திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் வேறு சம்பளம் இல்லை. அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, நீயா போய்ச் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டார். ஆறுதலாகத்தான் கேட்டார். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டு அச்சகம்வரை நடந்துபோய்த் திருத்திவிட்டு வந்த பெண், ஐம்பத்திரண்டு நாள் காலை பதினொரு மணிக்குப் போனை எடுத்து, “சொல்லுங்க மேடம்” என்றார்.

ஐம்பத்து மூன்றாம் நாள் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அல்மாஸே கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரப் பெண்மணி எடுத்து, அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறார், ‘அவர நானே கொன்னுட்டேன்’ என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பிள்ளைக்குச் சொல்லியும் வரவில்லை என்றார்.

அல்மாஸ் பழைய திட்டத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார். ஸ்ரீமதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருவரும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. தன்னைவிடச் சின்னவளாக, பர்தாவில், மூச்சிரைக்க நின்றவளைப் பார்த்து, ஏரியெல்லாம் சுற்றிய பெண் நீதானா என்று ஸ்ரீமதி கேட்டார்.

“நான் எங்கயும் போனதில்லம்மா.” தாளை எடுத்து நான்காம் நாளுக்குக் கீழே விரலை வைத்தார். “இது நான் எழுதுனது. சார் இதப் படிச்சுட்டுத்தான் நின்னிருக்காரு. உங்க மேல கோவத்துல இல்ல.”

ஸ்ரீமதி கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். “கடையில நான் நிக்காம இருந்திருந்தா?”

“படகு கெடச்சிருக்கும். அது நெசம்தாம்மா. ஆனா படகு போனதும் நீங்க கூப்புட்டப்பவே அவரு ஊருக்குள்ள வந்திருப்பாரு. ரூம் கெடச்சிருக்கும். அவர அங்க நிக்க வெச்சது நான்.”

ஸ்ரீமதி அழவில்லை, வையவும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஐந்தாம் நாள் இருந்தது: காலையில் சைக்கிள், மதியம் ஓய்வு.

“எம்மேல கோவமில்லங்கிறியா,” என்றார் கடைசியில், கேள்வியாக இல்லாமல்.

“ஒங்க சார் எழுத்த நம்புற ஆளு போலருக்கு.”

“ஆமா. மருந்து டப்பாவுல உள்ள சீட்டையும் முழுசாப் படிப்பாரு.” ஸ்ரீமதி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். ஓர் எண்ணை அழுத்தினார். மணி அடிக்க ஆரம்பித்ததும் காதில் வைத்துக்கொள்ளாமல் அல்மாஸ் பக்கம் நீட்டினார். “எம்புள்ள. எங்கிட்ட சொன்னத அவங்கிட்ட சொல்லு.”

அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருப்பது அல்மாஸுக்கு நினைவிருந்தது. வீட்டில் ஒரே சம்பளம் என்பதும் நினைவிருந்தது. எதிர்முனையில் ஓர் ஆண்குரல், என்ன வேண்டும் என்று கடுப்பாகக் கேட்டது.

அல்மாஸ் போனை வாங்கி, தன் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லி, அந்த மூன்று வரிகளையும் அவனுக்கு வாசித்தார்.