கையைத் தூக்காத பொம்மை

அடையாறில் ஃபேஷன் டிசைன் படித்தபோது, இறுதித் தேர்வுக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். கணினித் திரையில் இருந்த பொம்மை உருவத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அந்தத் தைரியத்தில், அதைப் போட்டுக்காட்ட ஒப்புக்கொண்ட கேன்டீன் செல்வி அக்காவை நான் அளவெடுக்கவே இல்லை.

தேர்வாளர் முன்னால் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"கையைத் தூக்குங்கம்மா" என்றார் தேர்வாளர்.

திரையில் அந்தப் பொம்மையின் கையை நான் ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை. அக்கா தூக்கினார். அக்குளில் தையல் படபடவெனப் பிரிந்தது. தேர்வாளர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா கரெக்டாத்தான் அளவு எடுத்துச்சு சார். அப்பால நான்தான் குண்டாயிட்டேன்" என்றார் அக்கா.

"அப்படியாம்மா?" என்று தேர்வாளர் என்னைக் கேட்டார்.

தலையாட்டினேன். தேர்ச்சியும் பெற்றேன்.

இன்றும் திரையில் எந்த உருவத்தின் கையைத் தூக்கினாலும், அந்தத் தையல் பிரிகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.