பொறுங்க சார்

"காதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

பேருந்து ஓட்டுநர் கிடங்கு ஜன்னலில் நீட்டிய தாளை அவர் மேலிருந்து படிக்கவில்லை. மேல் பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தார். தாளில் ப்ராசஸர் இருந்தது, மெமரி இருந்தது, உள்ளே வண்ண விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி கூட இருந்தது. ஹெட்போனைத்தான் காணோம்.

"அது எதுக்கு சார்? பொண்ணு கட்டடம் வரையற படிப்பு படிக்கிறா. பாட்டுக் கேக்கறதுக்கா கம்ப்யூட்டர்?"

"வரையறவங்களுக்குக் காது கிடையாதா? ஆன்லைன்ல பாடம் நடத்துறாங்கல்ல, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கேக்கிறா?"

"நாலு, அஞ்சு இருக்கும்."

"அப்ப முதல் செலவு அதுதான். மிச்சம் இருக்கிறதுலதான் மத்ததெல்லாம்."

ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டார். கம்ப்யூட்டர் வாங்க வழி கேட்டு வந்தவனைக் காது டாக்டரிடம் அனுப்பிவிட்டார்களோ என்கிற மாதிரி ஒரு முழி. இரண்டு வருடத்துக்கு முன்பு வந்திருந்தால் இந்த மனிதரே வேறு மாதிரி பேசியிருப்பார் என்பது அவருக்குத் தெரியாது.

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்குதான் இந்த மனிதர் வேலை பார்க்கும் இடம். கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், நடுவில் கம்பிவலை அடித்த ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும். பிரேக் கட்டை கேட்டு வருகிறவர்களைவிட கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம் என்று மேலாளர் ஒருமுறை முறைத்தார். பிறகு அந்த மேலாளரே தன் மைத்துனனுக்கு ஒன்று பொறுக்கிக் கொடுக்கச் சொல்லி ஜன்னலில் வந்து நின்றார். அத்தோடு முறைப்பு நின்றுபோனது.

காசு வாங்காமல் பார்க்கும் இந்த வேலையில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'பொறுங்க சார்'. யார் எதை வாங்கக் கிளம்பினாலும் குறுக்கே கையை நீட்டுவார். "அடுத்த மாசம் புது மாடல் வருது. பழசு தானா இறங்கும், பொறுங்க." "வருஷக் கடைசியில கடைக்காரர் சரக்கைத் தள்ளிவிடுவார், பொறுங்க." பத்துக்கு எட்டு தடவை அவர் சொன்னபடியே விலை இறங்கும். மீதி இரண்டு தடவைக்கும் அவரிடம் காரணம் தயாராக இருக்கும்.

எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று அவருக்குத் தனிச் சட்டமே உண்டு. "பெட்டி நசுங்கியிருந்தா என்ன, உள்ள இருக்கிறதுக்கு வலிக்கவா போகுது?" என்று ஓரம் நசுங்கிய பெட்டியைப் பாதி விலைக்குப் பேசி வாங்குவார். எழுத்து அழிந்த கீபோர்டைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டம். பவர் சப்ளையில் மட்டும் யாரையும் கை வைக்க விடமாட்டார். "அதுல மிச்சம் பிடிச்சீங்கன்னா ஒரு நாள் மொத்தத்தையும் சேர்த்துக் கொளுத்திடும்." யாருடைய கையையும் கடிக்காமல், கொண்டுவந்த தொகைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

அந்தக் காலத்தில் அவர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் ஹெட்போன் கடைசி வரியில் நிற்கும். அதற்கு எதிரே தொகை எழுதமாட்டார். 'மிச்சத்தில்' என்று எழுதுவார்.

சனிக்கிழமை மதியம் ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மூன்று மாடிக் கட்டடம், மாடிக்கு முப்பது கடை, ஒவ்வொன்றும் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய அகலம். வழக்கமாகப் போகும் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரவேற்றார்.

"வாங்க பொறுங்க சார். இன்னிக்கு யாருக்காக என் வயித்துல அடிக்கப் போறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பட்டத்தைக் கேட்டால் முன்பெல்லாம் முகம் மலரும். இப்போது காதில் விழாத மாதிரி மேல் தட்டைப் பார்க்கிறார். ப்ராசஸரும் மெமரியும் கால் மணி நேரத்தில் முடிந்தன. ஹெட்போனுக்குத்தான் ஒன்றரை மணி நேரம்.

பாட்டுப் போட்டுப் பார்க்கிற வழக்கமே அவரிடம் இல்லை. தன் போனில் நாற்பது நொடிப் பதிவு ஒன்றை வைத்திருக்கிறார். பின்னால் மின்விசிறி கடகடக்க, ஒரு ஆண்குரல் சொற்களை மென்று விழுங்கிக்கொண்டே எதையோ ஒப்பிக்கும். சத்தத்தைக் கால்வாசிக்கு மேல் ஏற்றமாட்டார். "நடுவுல 'வலது முழங்கால்'னு ஒரு இடம் வரும். சத்தத்தைக் கூட்டாம அது காதுல விழணும். விழலைன்னா இது வேண்டாம்" என்பார். பிறகு ஒயர் வந்து சேரும் இடத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்ப்பார். வலது பக்கத்தை மட்டும் கேட்பார், இடது பக்கத்தை மட்டும் கேட்பார். மறுபடி வலது. கடைக்காரர் ஏழாவது பெட்டியைப் பிரிக்கும்போது பெருமூச்சு விட்டார். ஒன்பதாவது தேறியது.

ஓட்டுநரும் மாட்டிப் பார்த்தார். "யாரோ டாக்டர் பேசற மாதிரி இருக்கே சார்?"

"ஆமா" என்றார் அவர். ஹெட்போனை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

அந்த டாக்டரின் குரலைப் பொறுங்க சாரின் அக்கா நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதைக் கேட்டு, எழுத்தில் அடித்துக் கொடுப்பது அக்காவின் தொழில். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி. அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அத்தான் இறந்த பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்து, இன்றைக்கும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறார். இவரைவிட ஆறு வயது மூத்தவர். சின்ன வயதில் இவரை இடுப்பில் தூக்கிச் சுமந்தவர்.

வேலை தொடங்கிய வருடம் அக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஒரு தொகையைக் கொண்டுவந்து தம்பி கையில் வைத்தார். "இதுக்குள்ள முடிச்சுக் கொடுடா." தம்பி மூன்று மாதம் பொறுத்து, விலை இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு வந்து சேர்த்தார். அந்தத் தொகைக்கு அப்படி ஒரு மெஷினை யாராலும் சேர்க்க முடியாது என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். கிடங்குக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தம்பி போனில் அதன் படத்தைக் காட்டினார். ஹெட்போன் மட்டும் மிச்சத்தில் வந்தது. கடை வாசலில் பிளாஸ்டிக் கூடையில் குவித்து வைத்திருப்பார்களே, அதிலிருந்து ஒன்று.

நான்காவது மாதம் அக்கா போன் செய்தார். "வலது பக்கம் கேக்கவே இல்லடா. இடதுல மட்டும்தான் வருது."

அதற்கு அவர் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நீ என்ன பாட்டா கேக்கப் போற? டாக்டர் பேச்சுதானே. பேச்சுக்கு ஒரு பக்கம் போதும்க்கா." சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். விஷயம் தெரிந்தவர் என்ற முறையில் அவர் சொன்னது தப்பே இல்லை. அந்தப் பதிவுகளில் இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே சத்தம்தான். ஒரு பக்கம் செத்தாலும் ஒரு சொல் குறையாது. நல்லதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டு மாதத்தில் விலை இறங்கும், பொறு என்றார். இரண்டு மாதத்தில் இறங்கவும் செய்தது. அதற்குள் அதைவிட நல்லது ஒன்று வந்துவிட்டது. அது இறங்கட்டும் என்று காத்திருந்தார். இப்படியே இரண்டு வருடம் போனது. தினமும் விலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. மறந்திருந்தால் கூட மனது இவ்வளவு குடைந்திருக்காது.

அந்த இரண்டு வருடமும் அக்கா ஒற்றைக் காதில் வேலை பார்த்தார். வலது காதில் தெருச் சத்தம், குக்கர் சத்தம், பக்கத்து வீட்டு டிவி. அதையெல்லாம் மீறி அந்த மென்று விழுங்குகிற டாக்டரைப் பிடிக்க, இடது காதில் சத்தத்தைக் கூட்டினார். நாளுக்கு எட்டு மணி நேரம். மறுபடி தம்பியைக் கேட்கவில்லை. அவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறானே, எதற்கு நச்சரிக்க வேண்டும் என்று இருந்துவிட்டார்.

ஒரு நாள் மேசையில் அக்காவின் இடது கைப்பக்கம் இருந்த போன் அடித்தது. அக்கா வலது பக்கம் திரும்பித் தேடினார். பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காது டாக்டர் சோதித்துவிட்டு, இடது காதில் மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, இனி திரும்பாது, உள்ளே கேட்கும் ரீங்காரமும் நிற்காது என்றார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அக்காவுக்கு நாள் கணக்குத் தெரியும். தேதி போட்டு வேலை செய்கிறவர். "தெரியலீங்க டாக்டர், வயசாகுதுல்ல" என்றார். பக்கத்தில் நின்ற தம்பியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததில் ஒன்றைக் காட்டி, சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தார். கடைக்காரர் பயந்துவிட்டார். "என்ன சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

ஒரு வருடமாகிறது. அக்கா வலது காதை நம்பித்தான் வேலை பார்க்கிறார். முன்பு ஒரு தடவை கேட்டு அடித்ததை இப்போது மூன்று தடவை மிதியை மிதித்துக் கேட்கிறார். வேலை பாதியாகிவிட்டது. நான் இனி பார்த்துக்கொள்கிறேன், வேலையை விட்டுவிடு என்று தம்பி சொல்லிப் பார்த்தார். "உக்காந்து சாப்பிட எனக்கு என்னடா வந்துச்சு?" என்று அக்கா வாயை அடைத்துவிட்டார்.

ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்குப் போகிறார். மெஷினைத் திறந்து தூசி தட்டுவது சாக்கு. அக்கா ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "ஒரு நாள் கூட மக்கர் பண்ணினதில்லடா, உன் கை ராசி" என்பார். திட்டினால் கூடத் தாங்கிக்கொள்வார்; இந்தப் பாராட்டைத் தாங்க முடிவதில்லை. வேலை முடிந்ததும் முக்காலியை இழுத்து அக்காவின் இடது பக்கம் போட்டு உட்காருவார். கூடப் போன மனைவி ஒரு நாள் திரும்பி வரும் வழியில் கேட்டார்: "ஏங்க, அந்தப் பக்கம்தான் அண்ணிக்குக் கேக்காதே. எப்பப் பார்த்தாலும் அங்கேயே போய் உக்கார்றீங்க?" அவர் நடையைக் கூட்டினார். சொல்ல வேண்டியதை வெளியே விடவும் வேண்டும், அது அக்காவைப் போய்ச் சேர்ந்துவிடவும் கூடாது. அதற்கு அந்த வீட்டில் அந்த ஒரு இடம்தான் இருந்தது.

ஓட்டுநருக்கு வாங்கிக் கொடுத்த மறுநாளும் போனார். அக்கா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அடித்ததைத் திரையில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இவர் தூசி தட்டிய பிரஷ்ஷை மடியில் வைத்துக்கொண்டு, மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே இறங்கிய குரலில் ஆரம்பித்தார்.

"நீ அன்னிக்குக் கேட்டப்பவே வாங்கிக் கொடுத்திருக்கணும்க்கா. இது வயசு இல்ல. நான்தான் கெடுத்தேன்."

அக்கா ஒரு வரியைப் படித்தார். ஒரு எழுத்தைத் திருத்தினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். சக்கரமில்லாத கனத்த நாற்காலி அது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தம்பியைச் சுற்றி வந்து, அவருக்கு அந்தப் பக்கம் இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அக்காவின் வலது பக்கத்தில் இருந்தார் தம்பி.

"வாராவாரம் வாயை மட்டும் அசைக்கிறே. எனக்குத் தெரியாதா? இப்ப சொல்லு" என்றவர், வலது காதை மறைத்திருந்த நரைமுடியை விரலால் பின்னுக்கு ஒதுக்கிவிட்டு, தம்பியின் பக்கம் சாய்ந்தார்.