பம்ப்புக்கு அடியில் இருந்த பலகை

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஜோடிக்கத் தெரிந்தவனாக இருந்தால் இதைவிட நல்ல முடிவாக ஜோடித்திருப்பேன். பூட்டிய கதவை மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் கண்ணையும் காதையும் நானே முழுதாக நம்புவதில்லை. அதனால் அன்றைக்கும் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எதிலும் தவறில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணன் பழைய வீட்டு வேன் ஒன்று வாங்கியிருந்தான். உள்ளேயே கட்டில், அடுப்பு, சிங்க், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. புது வீடு கட்டி முடியும்வரை அண்ணனும் அண்ணியும் அதில்தான் குடியிருந்தார்கள். அண்ணிக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. தூக்கம் கெட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தூக்கத்தைக் கெடுத்தது தண்ணீர் பம்ப். கட்டிலுக்கு அடியில், தடித்த கறுப்புப் பலகை ஒன்றில் அதைத் திருகி வைத்திருந்தார்கள். குழாயைத் திறந்தால் தானாக ஓடும். மூடினால் நிற்கும். ஓடும்போது டகடகவென்று கட்டிலே அதிரும். அதுகூடப் பரவாயில்லை. குழாய் மூடியிருக்கும்போதும் அவ்வப்போது ஓடியது. எங்கோ கசிகிறது என்றான் அண்ணன். ஒவ்வொரு இணைப்பாகக் காகிதம் வைத்து ஒற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"டேய் ஸ்கேலு, அளந்தது போதும். எதையாவது பண்ணுடா."

எதை எடுத்தாலும் அளந்து பார்ப்பதால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் அது.

"தம்பிய விடுங்க," என்றாள் அண்ணி. "அவர் அளந்து முடிக்கிறதுக்குள்ள புள்ள பொறந்து ஸ்கூலுக்கே போயிடும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்ப்பைக் கழற்றினேன். சத்தம் பம்ப்பினால் இல்லை, பலகையினால். பம்ப்பின் அதிர்வை வாங்கி மத்தளம் மாதிரிப் பெருக்கிக்கொண்டிருந்தது. பலகையை எடுத்துவிட்டுக் கனமான ரப்பர் துண்டுகளின்மேல் பம்ப்பை உட்கார வைத்தேன். விறைத்த குழாயை மாற்றி வளைந்துகொடுக்கும் ட்யூப் போட்டேன். அண்ணி குழாயைத் திறந்தாள். பூனை உறுமுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"தம்பி, உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

அந்தப் பலகையை எறிய எனக்கு மனம் வரவில்லை. மாலையில் படச்சட்டம் செய்யும் வகுப்புக்குப் போகிறேன். அண்ணனின் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட்டுத் தருவதாகச் சொல்லி வெகுநாளாக இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். எதில் செய்வது என்று முடிவுக்கு வர முடியவில்லை. வண்டி குலுங்கினால் கண்ணாடி உடையும். அதற்குப் பதில் அக்ரிலிக் தகடு போடலாம். அலுமினியச் சட்டம் கிணுகிணுக்கும். மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பிவிடும். நன்றாகக் காய்ந்து இறுகிய பழைய மரம்தான் சரி. இந்தப் பலகை அப்படித்தான் இருந்தது.

வகுப்பில் மாஸ்டர் பலகையைத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது.

"இங்க மட்டும் என்னப்பா குழிகுழியா?"

நான்கு சின்னப் பள்ளங்கள். பக்கத்தில் பக்கத்தில்.

"சுத்தியல் பட்டிருக்கும் சார்."

"சுத்தியல் பட்டா நசுங்கும். இது தேஞ்சிருக்கு."

இழைத்துப் பார்த்தேன். பள்ளம் போகவில்லை. இன்னும் இழைத்தால் மரம் மெலிந்துவிடும். பழைய மரத்துக்கு அதுவும் ஓர் அழகு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தத் துண்டையே மேல்சட்டமாக வைத்தேன்.

பசை காயும்வரை அழுத்திப் பிடிக்கக் கையை மடக்கி அதன்மேல் வைத்தேன். என் நான்கு விரல்முட்டிகளும் நான்கு பள்ளங்களில் சரியாகப் பொருந்தின.

கையை எடுத்துவிட்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

சட்டத்தை அண்ணியின் தலைமாட்டில் மாட்டினோம். அன்று அண்ணனுக்கு இரவு வேலை. துணைக்கு நான் வேனின் முன்பக்க இருக்கையில் படுத்துக்கொண்டேன். 2.10க்கு விழிப்பு வந்தது. மழை விட்டிருந்தது.

டக்... டக்... டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக்... டக்.

கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது என்று நினைத்தேன். மறுபடியும் அதே மூன்று. அதே இடைவெளி. அதே இரண்டு. சொட்டுக்கு இப்படி நிறுத்தித் தட்டத் தெரியாது.

பம்ப் ஓடத் தொடங்கியது. உர்ர்ர்...

எழுந்து போனேன். சிங்க் குழாய் மூடியிருந்தது. குளியலறைக் குழாயும் மூடியிருந்தது. இரண்டையும் திரும்பவும் முறுக்கிப் பார்த்தேன். பம்ப் சுவிட்சை அணைத்தேன். பம்ப் நின்றது.

டக்... டக்... டக்.

டக்... டக்.

கட்டில் பக்கமிருந்து வந்தது. டார்ச் அடித்தேன். அண்ணி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் வயிற்றின்மேல். அவள் தட்டவில்லை.

சட்டத்தைத் தொட்டேன்.

மரத்துக்குள்ளிருந்து... என் விரல் நுனியில்... டக்.

கழற்றிக் கால்மாட்டில் மெத்தைமேல் வைத்தேன். இப்போது சுவரில்லை. ஆணியில்லை.

டக்.

அண்ணி கண் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சட்டம் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தாள்.

"தண்ணி..."

அது அண்ணியின் குரல் இல்லை. காய்ந்துபோன குரல்.

குடிதண்ணீர்க் கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மடக்கு. மறுபடி நீட்டினாள். மறுபடி ஊற்றினேன். மறுபடி. எத்தனை டம்ளர் என்று தெரியாது. வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

கேன் காலியானது.

தட்டுவது நின்றது.

காலையில் அண்ணி சோம்பல் முறித்தாள். "என்னா தூக்கம் தம்பி! நடுவுல ஒரு தடவைகூட எந்திரிக்கல."

நான் காலிக் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அளவு பிசகிவிட்டது என்று பொய் சொல்லிச் சட்டத்தை எடுத்துப் போனேன். அண்ணனிடம் நம்பர் வாங்கி, வேனை விற்றவருக்கு போன் செய்தேன்.

"பம்ப்புக்கு அடியில ஒரு பலகை இருந்துச்சே, அது என்ன மரம் சார்?"

"அத ஏன் கழட்டினே?"

"சத்தம் தாங்கல சார்."

"சத்தம் வேணும்னுதானே தம்பி அதுல மாட்டினேன்."

மெல்ல மெல்லச் சொன்னார். அவர் மனைவி பக்கவாதத்தில் அந்த வேனில்தான் கிடந்தார். பேச்சு போய்விட்டது. தலைமாட்டுப் பலகையில் தட்டித்தான் எதையும் கேட்பார். ஒருநாள் மருந்து வாங்க வெளியே போன இவர் விபத்தில் சிக்கி, நாட்கணக்கில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேன் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. அவர் திரும்பி வந்து திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்போது மனைவிக்காகக் கட்டிலோரம் வைத்திருந்த குழாய் திறந்தபடி இருந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை.

"அவ போனதுக்கு அப்புறமும் பலகை தட்டிக்கிட்டே இருந்துச்சு தம்பி. எரிக்க மனசு வரல. தண்ணி கேக்குறவள எப்படி எரிக்கிறது? பம்ப்ப அதுமேல மாட்டினேன். அவ தட்டுறப்பெல்லாம் பம்ப் தானா ஓடும், அந்த இரைச்சல்ல இது கேக்காது."

"எப்படி... எப்படி சார் தட்டுவாங்க?"

"மூணு தட்டு. கொஞ்சம் விட்டு ரெண்டு. தண்ணின்னு அர்த்தம்."

சட்டத்தைப் பிரித்துப் பலகைத் துண்டுகளை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பம்ப் தானாக ஓடவில்லை. அண்ணி நன்றாகத் தூங்கினாள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கும்தான்... போன வாரம்வரை.

போன வாரம் அண்ணி சாப்பாட்டு மேசையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உங்க அண்ணன் புள்ள அப்படியே சித்தப்பா மாதிரிதான். உதைக்கிறதுகூட அளந்துதான் உதைக்குது. இருங்க, காட்டறேன்."

ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒவ்வொரு உதை விழும்போதும் மறுகையை மடக்கி மேசையில் தட்டிக் காட்டினாள்.

டக்... டக்... டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக்... டக்.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" அண்ணி உதட்டை நக்கிக்கொண்டாள். "அந்தத் தண்ணிய இப்படிக் குடுங்க. இது உதைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை காஞ்சு போயிடுது."