கட்டம் கட்டமாய் வந்த தமிழ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கீழ் ஃப்ளாட் சுமதி லேப்டாப்போடு வந்து நின்றாள். முகம் சரியில்லை.

சுமதி பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கத்துக்காரி. அவள் குடும்பத்து நிலத்தில்தான் எங்கள் அடுக்குமாடியே நிற்கிறது. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் புரோகிராமிங் படித்து, அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். அப்போது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. கடைகளுக்குத் தமிழில் பில் போடும் புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

எந்த மொழியிலும் பில் அச்சிட இலவசமாகவே ஒரு லைப்ரரி இருக்கிறது — யாரோ எழுதி வைத்த ரெடிமேட் கோட். எப்படிப் பயன்படுத்துவது என்று அதன் ஆவணத்தில் உதாரணமும் உண்டு. அதை அப்படியே காப்பி செய்தாள். ஆங்கிலம் அழகாக வந்தது. தமிழ்? வெறும் கட்டம் கட்டமாக...

"எனுக்கு இது வராதுக்கா. நாளைக்குப் போயி வேலை வேணான்னு சொல்லிட்டு வந்துடறேன்."

நானும் கோட் எழுதிப் பிழைப்பவள்தான். ஆவணத்தைத் திறந்து பார்த்தேன். எந்தத் தமிழ் ஃபான்ட் என்று லைப்ரரிக்குச் சொல்ல ஒரு வரி வேண்டும். உதாரணத்தில் அது இல்லை. வேறொரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது. அங்கே போய் யார் தேடுவார்கள்?

அந்த வரியைச் சேர்த்தோம். துவரம்பருப்பு வந்தது, புளி வந்தது. சுமதி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி நாளா என்னிய மக்குன்னு நெனச்சிகினு இருந்தேங்க்கா."

வேலைதான் முடிந்ததே, விடு என்றேன். விடவில்லை. அடுத்து வருகிறவர்களும் இப்படித்தானே அழுவார்கள் என்று உதாரணத்தைத் திருத்தி, லைப்ரரியைப் பராமரிப்பவருக்கு அனுப்பினாள். அவர் எந்த நாட்டிலோ இருக்கிறார். உதாரணம் சின்னதாக இருந்தால்தானே புதியவர்களுக்குப் புரியும், கூடுதல் வரி குழப்பாதா என்று தன்மையாகத்தான் கேட்டார். பதிலை நான் யோசிப்பதற்குள் அவளே எழுதிவிட்டாள்: அந்தப் புதியவள் நான்தான். அந்த வரி இல்லாததுதான் என்னைக் குழப்பியது.

அந்த வாரமே ஏற்றுக்கொண்டார். இப்போது அந்த உதாரணத்தை ஓட்டினால் 'வணக்கம் பூந்தமல்லி' என்று அச்சாகிறது. சுமதி எழுதியதுதான். வேலையும் நிரந்தரமாகிவிட்டது.

உதாரணம் எழுதுகிறவர்களுக்கு ஒரு நினைப்பு — இது சும்மா மாதிரிதான், அவரவர் தேவைக்கு மாற்றிக்கொள்வார்கள் என்று. எங்கே மாற்றுகிறோம்? விளக்கத்தைத் தாண்டிக் குதித்து, உதாரணத்தை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறோம்.

நேற்று நேபாளத்திலிருந்து ஒருவர் சுமதிக்கு எழுதியிருக்கிறார். அவர் செய்துகொடுத்த ஹோட்டல் பில் எல்லாவற்றிலும் தலைப்பில் புரியாத எழுத்தில் ஏதோ அச்சாகிறதாம்... அதை மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டிப் பார்த்துவிட்டு, பூந்தமல்லி என்பது என்ன சாப்பாடு என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம்.