எர்ணாவூர் மிஷன் கல்யாணம்

அடைக்கலமேரி பிறந்தது இரங்கூனில். அவளுடைய அப்பா அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். அங்கேயே காய்ச்சல் வந்து இறந்தும் போனார். பர்மாவில் கடை கண்ணிகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய அறுபத்து நாலாம் வருஷம், அவளும் அம்மாவும் ஆளுக்கொரு துணி மூட்டையோடு மதராஸில் வந்து இறங்கினார்கள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. தமிழ் பேசுவாள், பர்மியம் பேசுவாள். ஆனால் துறைமுகத்து வாசலில் ரிக்‌ஷாக்காரர் பேசிய தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

அதே கப்பலில்தான் தேவப்பிரியம் சாமியாரும் வந்தார். வடக்கு பர்மாவில், காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே, படகில் போய்ப் பூசை வைத்துப் பழகிய மிஷன் குரு. அகதிகள் எர்ணாவூர் மணல்மேட்டில் கீற்றுக் குடிசை போட்டபோது அவரும் அங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டார். பக்கத்திலேயே கொஞ்சம் பெரிதாக இன்னொரு கொட்டகை எழும்பியது. அதுதான் கோயில்.

கொஞ்ச நாளில் மேற்றிராசனத்திலிருந்து, அதாவது பேராயர் அலுவலகத்திலிருந்து, ஓர் ஏற்பாடு வந்தது. கிழக்கே கடல், மேற்கே ரயில் தண்டவாளம். அந்த எல்லைக்குள் இருக்கும் பர்மாக்காரர்கள் எல்லாம் ஒரு தற்காலிக மிஷன். தேவப்பிரியம் சாமிதான் அவர்களுக்குப் பங்குச் சாமியார் மாதிரி. ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் மந்திரிக்கலாம், செத்தவர்களை அடக்கம் பண்ணலாம். இதெல்லாம் ஒரு வருஷத்துக்கு; அப்புறம் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்கள். ஜனங்களுக்கு அந்த ஒரு வருஷப் பேச்சு காதில் விழவே இல்லை. சாமியார் இருக்கிறார், கோயில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

அடைக்கலமேரியும் அம்மாவும் பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டி போட்டார்கள். காலையில் மொய்ங்கா, அதாவது வாழைத்தண்டு போட்ட மீன் சாற்றில் நூடுல்ஸ்; சாயங்காலம் அத்தோ. அத்தோ என்றால் மஞ்சள் நிறத்தில் தடிமனான நூடுல்ஸ். கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் விட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பது. துறைமுகத்து ஆட்கள் முதலில் தள்ளி நின்றுதான் பார்த்தார்கள். கிட்டே வந்தவர்களில் யேசுதாஸ் ஒருவன். கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன்.

"இன்னாமே இது, புழுவாட்டம் நெளிஞ்சிகினு கீது?" என்று கேட்டான்.

"சாப்பிட்டுப் பாருங்க. நெளியலைன்னா திருப்பிக் கொடுங்க" என்றாள் அவள்.

சாப்பிட்டான். மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாள் தோஸ்துகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அப்புறம் தோஸ்துகளை விட்டுவிட்டுத் தனியாக வந்தான்.

யேசுதாஸின் அம்மா இருதயம்மாள் ராயபுரத்துக்காரி. புருஷனைக் கடலில் பறிகொடுத்து, மீன் கூடை சுமந்தே மகனை வளர்த்தவள். அண்ணன் மகள் ஆலிஸைத்தான் மருமகளாக்குவது என்று வெகுகாலமாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள். "கப்பல்ல வந்து எறங்குனவள எந்த வூடு, எந்தக் குடும்பம்னு விசாரிப்பே?" என்று அவள் கேட்டாள். மகன் சாப்பிடாமல் வேலைக்குப் போனான். ஒரு வாரம் அப்படிப் போன பிறகு இருதயம்மாள் இறங்கி வந்தாள்.

எர்ணாவூர்க் கொட்டகையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தேவப்பிரியம் சாமி தாலியை மந்திரித்துக் கொடுக்க, யேசுதாஸ் கட்டினான். பூசை தமிழுக்கு மாறிய புதிது. வார்த்தைகள் சாமியாருக்கே பழகாமல் இரண்டு இடத்தில் தடுமாறினார். அடைக்கலமேரி ராயபுரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மீன் தலையை அவள் தட்டில் போடவும் தவறவில்லை.

அவள் வயிற்றில் ஐந்தாவது மாசம் நடக்கும்போது அந்தச் செய்தி வந்தது.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே பேராயர் காலமாகியிருந்தார். புதியவர் வரும் வரைக்கும் ஒரு குரு தற்காலிகமாக நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் இல்லாத காலத்தில் புதிதாக எதையும் ஏற்படுத்தக்கூடாது என்பது சபைச் சட்டம். அந்த இடைவெளியிலேயே, இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே, எர்ணாவூர் மிஷனுக்குக் கொடுத்த ஒரு வருஷமும் முடிந்துவிட்டது. நீட்டித்துக் கேட்க வேண்டியவர் தேவப்பிரியம் சாமி. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. பர்மாக் காட்டில் யாரிடம் கேட்டார், இங்கே கேட்க? கோயிலைப் பார்க்க வந்த ஒரு குரு பேச்சுவாக்கில், "உங்களுக்கு அனுமதி யார் புதுப்பித்துக் கொடுத்தது?" என்று கேட்டபோதுதான் கிழவர் முழித்தார்.

பேச்சு ரயிலைவிட வேகமாக ராயபுரம் வந்தது. அனுமதி முடிந்த பிறகு எர்ணாவூரில் நடந்த கல்யாணம் எதுவும் செல்லாதாம்.

யேசுதாஸ் ராயபுரத்துப் பங்குச் சாமியார் ஜார்ஜைப் போய்ப் பார்த்தான். அவர் இதைப் பெரிய காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. "சந்தேகம் எதற்கு? சனிக்கிழமை ரெண்டு பேரும் வாருங்கள். ரெண்டு சாட்சி வைத்து மறுபடி வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்றார்.

அவருக்குத் தீர்ந்தது. இருதயம்மாளுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

"அப்போ சனிக்கெழம வரிக்கும் உனுக்குக் கல்யாணமே ஆவல, நைனா" என்றாள், அடைக்கலமேரி அடுப்படியில் நிற்கும்போதே. "ஆண்டவரே ஒரு வழி காட்டிக்கீறாரு. ஆலிசு இன்னும் அப்படியேதான் கீறா. புள்ளைக்கு வோணும்னா ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிக்கலாம். யோசன பண்ணு."

யேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அடிக்கடி அப்படி உட்காருகிறவன்தான். கோபம் வந்தாலும் பேச மாட்டான், சந்தோஷம் வந்தாலும் பேச மாட்டான். ஆனால் அன்றைக்கு அந்த மௌனம் அடைக்கலமேரியின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. பாவத்தில் வாழ்ந்துவிட்டோமோ என்ற பயத்தைவிட இன்னொரு பயம்தான் பெரிதாக இருந்தது. இவன் இப்போது யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. மறுபடி ஒருமுறை கேட்டால், மறுபடியும் சரி என்று சொல்வானா?

அடுப்பை அணைத்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று அவனிடம் சொன்னாள்: "நான் எர்ணாவூருக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். சனிக்கிழமை வரணும்னு உங்களுக்குத் தோணினா வாங்க. நானா கூப்பிட மாட்டேன்."

அவன் எழுந்தான். அதற்குள் இருதயம்மாள், "போறவள வுடுடா" என்றாள். அடைக்கலமேரி திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மறுநாள் காலை அவள் கொட்டகைக் கோயிலுக்குப் போனபோது தேவப்பிரியம் சாமி மணல் தரையில் உட்கார்ந்திருந்தார். பூசை வைக்கவில்லை. வைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்பதே தெரியவில்லை என்றார். கண் சிவந்திருந்தது.

"உன்னையும் உன்னை மாதிரி எத்தனையோ பிள்ளைகளையும் நடுத்தெருவில் விட்டுட்டேன், மகளே. நான் இப்போ சாந்தோமுக்கு, பேராயர் ஆபீசுக்குப் போறேன். குத்தம் என்னுதுன்னு சொல்லிட்டு, என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கறேன்."

"நானும் வரேன், சாமி."

"உனக்கெதுக்கு இந்த அலைச்சல்? வயித்துப் பிள்ளைக்காரி."

"கல்யாணம் என்னோடது சாமி. இருக்கா இல்லையான்னு நானே கேட்டுக்கறேன்."

திருவொற்றியூரில் பஸ் பிடித்துப் பாரிமுனை, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் சாந்தோம். வழியெல்லாம் கிழவர் ஜபமாலை உருட்டிக்கொண்டு வந்தார். அவள் ஜெபம் பண்ணவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

அங்கே அவர்களைப் பார்த்தவர் இக்னேஷியஸ் சாமி. சபைச் சட்டம் படித்துவிட்டு வந்த நடுவயதுக்காரர். தேவப்பிரியம் சாமி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் வரை இக்னேஷியஸ் சாமி குறுக்கே பேசவில்லை. பிறகு இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு அடைக்கலமேரியைப் பார்த்துத் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. அன்னிக்குப் பீடத்துக்கு முன்னாடி நின்னப்போ, இவர் யார்னு நினைச்சே?"

கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. "எங்க சாமியார்" என்றாள்.

"இவருக்கு மந்திரிக்க அதிகாரம் இருக்கா இல்லையான்னு மனசுல சந்தேகம் வந்ததா?"

"இல்லை சாமி. எங்களுக்கு எல்லாம் அவர்தானே பண்றார்."

"ஊர்ல மத்தவங்க?"

"எல்லாரும் அப்படித்தான் சாமி நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. நேத்து வரைக்கும்."

இக்னேஷியஸ் சாமி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. நல்ல சேதி சொல்லப்போகிறவரின் சிரிப்பு.

"அப்போ கேட்டுக்கோ. ஒரு சாமியாருக்கு அதிகாரம் இருக்குன்னு ஊரே ஒருமனசா நம்பி வந்து நின்னுச்சுன்னா, அந்த ஜனங்க மோசம் போயிடக் கூடாதுன்னு, இல்லாத அதிகாரத்தை அந்த நேரத்துக்குத் திருச்சபையே கொடுத்துடும். சட்டத்துலயே இருக்கு. கல்யாணத்துக்கும் அது செல்லும்னு ரோமிலேயே சொல்லிட்டாங்க. உன் கல்யாணம் அன்னிக்கே ஆயிடுச்சும்மா. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் ஒரு நிமிஷம்கூட அது இல்லாம இருந்ததில்லை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ சனிக்கிழமை?"

"சனிக்கிழமை வீட்ல சும்மா இரு."

தேவப்பிரியம் சாமி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "எல்லாக் கல்யாணமுமா?" என்று விரலிடுக்கில் கேட்டார்.

"எல்லாமும்தான். ஆனா இனிமேல் தெரிஞ்சே பண்ணக்கூடாது, சாமி. இன்னிக்கே நிர்வாகம் பார்க்கற சாமிகிட்ட பேசறேன். புதுசா எதையும் தொடங்கத்தான் அவருக்குத் தடை. நடந்துக்கிட்டு இருக்கறதை அப்படியே காப்பாத்தித் தர்றதுக்குத் தடை இல்லை. புதுப் பேராயர் வர்ற வரைக்கும் மிஷன் உங்க பொறுப்புலயே இருக்கும்."

வெளியே வந்ததும் அடைக்கலமேரிக்கு முதலில் தோன்றியது பசி. முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. ஸ்டாப்புக்கு எதிரே இருந்த கடையில் இட்லி வாங்கி, சாமியாரும் அவளும் நின்றபடியே தின்றார்கள். சட்னி காரம். காரத்தில் வந்த கண்ணீர் என்று அவள் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறமும் வெகுநேரம் அது நிற்கவில்லை.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் பஸ்ஸில் தூங்கிவிட்டார்கள். சாமியார் வாயைத் திறந்துகொண்டு குறட்டையே விட்டார். கண்டக்டர் எழுப்பியபோது பஸ் எண்ணூரில் நின்றுகொண்டிருந்தது. எர்ணாவூர் எப்போதோ போய்விட்டது. உப்புக் காற்றில் கடலோரமாகவே சிரித்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

குடிசை வாசலில் யேசுதாஸ் நின்றுகொண்டிருந்தான். மத்தியானமே வந்துவிட்டானாம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாமல், கடற்கரை முழுக்கத் தேடிவிட்டு வந்திருந்தான். காலெல்லாம் மணல். உடம்பில் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை.

"எங்கமே பூட்டே? நெஞ்சே நின்னுபோச்சு எனுக்கு" என்றான். பிறகு அவள் வாயைத் திறப்பதற்குள், அவன் இதுவரை மொத்தமாகப் பேசியதைவிட அதிகமாகப் பேசினான். "சனிக்கெழம இன்னாத்துக்கு சனிக்கெழம? இன்னிக்கே வா. ஜார்ஜ் சாமிகிட்ட சொல்ட்டேன். என் தோஸ்துங்க ரெண்டு பேரு சாட்சிக்கு ரெடியா கீறானுங்க. அம்மா கத்திகினு கீது. கத்தட்டும். நேத்தே உன் பின்னாடி வந்துருக்கணும். வாய் வரல எனுக்கு. இப்போ கேக்கறேன். இன்னொரு வாட்டி கட்டிக்கிறியா?"

"மாட்டேன்" என்றாள் அடைக்கலமேரி.

அவன் முகம் அப்படியே செத்துப்போனது. அதைப் பார்க்க அவளால் ஒரு கணத்துக்கு மேல் பொறுக்கவில்லை. "ஏற்கெனவே ஆயிடுச்சு. செல்லுமாம். கேட்டுக்கிட்டு வந்துட்டோம்" என்றாள்.

யேசுதாஸ் சாமியாரைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். அவன் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான். சட்டை நுனியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்போ இந்தச் சட்டைய இன்னாத்துக்குப் போட்டுகினு வந்தேன்" என்று கேட்டான். அவளுடைய அம்மா உள்ளேயிருந்து சிரித்தது வெளியில் கேட்டது.

இருதயம்மாள் இந்தச் செய்தியை லேசில் நம்பவில்லை. ஜார்ஜ் சாமியிடம் தானே போய்க் கேட்டாள். அவரும் விசாரித்துவிட்டுச் செல்லும் என்று சொன்ன பிறகு, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆலிஸ்தான் அத்தையின் மனசை ஆற்றினாள். "எனுக்கு அந்த ஊமையன் வோணாம்னு நான் எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்?" என்றாள். அவள் மனசில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஹென்றி இருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கல்யாணத்துக்கு இருதயம்மாளே முன்னின்று ஓலை கொடுத்தாள்.

அடைக்கலமேரிக்கு இடுப்பு வலி எடுத்தபோது ரிக்‌ஷா கூப்பிட ஓடியவளும் மாமியார்தான். ஆண்பிள்ளை. எர்ணாவூர்க் கொட்டகையில் தேவப்பிரியம் சாமியே ஞானஸ்நானம் கொடுத்தார். இந்தத் தடவை அனுமதி கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினார்.

பின்னாளில் மீன் மார்க்கெட்டில் எவளோ அந்தப் பழைய கதையை எடுத்துக் குத்திப் பேசியபோது, இருதயம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாளாம்: "என் மருமவளுக்குத் திருச்சபையே நின்னு கல்யாணம் பண்ணி வச்சிக்கீது. உனுக்கு யாரு வந்தாங்கமே?"

மிஷன் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போனது. எழுபதுகளில் ஒருநாள், இனி அது தற்காலிகம் இல்லை, எர்ணாவூர் தனிப் பங்கு என்று அறிவித்தார்கள். கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் செங்கல் சுவர் நின்றது. தேவப்பிரியம் சாமிக்கு வயதாகிவிட்டதால் புதுப் பங்குச் சாமியார் வந்தார்; கிழவர் பக்கத்து அறையிலேயே தங்கிக்கொண்டார்.

அறிவிப்பை வாசிக்கிற நேரத்தில் அடைக்கலமேரி கோயிலுக்குள் இல்லை. வந்திருந்த கூட்டத்துக்கு மரத்தடியில் அடுப்பு மூட்டி அத்தோ பிசைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. யேசுதாஸ் வாசலிலிருந்து, "மேரி, வா, படிக்கிறாங்கோ" என்று கை காட்டினான்.

"நீங்க கேட்டுக்கிட்டு வந்து சொல்லுங்க" என்றாள் அவள். "வெங்காயம் வதங்கிக்கிட்டு இருக்கு."